தாத்தா எந்தப் பக்கம் நின்றார்?

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு ஷேர் ஆட்டோ என் கால் விரலை உரசிக்கொண்டு போனது. நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. மலேசியாவில், தைப்பிங்கில் இருபத்திரண்டு வருடமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். விரட்டிப் போய் நிறுத்தி, “பக்கக் கண்ணாடின்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். ஆட்டோக்காரர் திரும்பித் தன் கண்ணாடியைப் பார்த்தார். அதை முழுசாக மறைத்து ஒரு முருகன் படம் ஒட்டியிருந்தது. “எங்கம்மா போணும்?” என்றார் சாவதானமாக.

எங்கே போக வேண்டும் என்பதுதான் எனக்கே தெரியாது. அதைச் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று, நல்ல லாட்ஜ் ஒன்றில் விடச் சொன்னேன்.

வந்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஆறுமுகத்துக்கு எழுபத்தாறு வயது. லாரி ஓட்டி ஓய்ந்தவர். பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவருடைய அப்பா கோவிந்தன் காணாமல் போனார். அப்போது மலாயாவில் நாட்டுக்குள்ளேயே சண்டை. வெள்ளைக்கார அரசாங்கம் அதற்கு அவசரகாலம் என்று பேர் வைத்தது. தோட்டத்து ஆட்களுக்கு அது சண்டைக்காலம்தான். ஒரே லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டு ஆள் அரசாங்கத்தை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போவார், அடுத்த வீட்டு ஆள் அரசாங்கத்துக்காகக் காவல் நிற்பார். எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த காட்டில் ஒருநாள் நாலு பேரை ராணுவம் சுட்டுக் கொன்றது. அதற்குச் சில மாதம் முன்பு வேறு தோட்டத்தில் வேலை என்று சொல்லிப் போயிருந்த கோவிந்தன் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு தோட்டத்தில் இரண்டு கதை ஓடியது. கோவிந்தனும் துப்பாக்கி பிடித்துக் காட்டில் நின்றவர்தான், அவரையும் சுட்டுவிட்டார்கள், பிணம் கிடைக்கவில்லை என்பது ஒன்று. அந்த நாலு பேர் இருந்த இடத்தை ராணுவத்துக்குக் காட்டியவரே அவர்தான் என்பது இன்னொன்று. ஊர் எதை நம்பும் என்று சொல்லவும் வேண்டுமா? தண்ணீர்க் குழாயில் என் பாட்டி கடைசி ஆளாகத்தான் குடம் வைக்க வேண்டும். செத்த நாலு பேரில் ஒருவர் மாரியப்பன். அவருடைய மகன் சுப்பையா பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, தினமும் முதுகில் எச்சில் துப்பினானாம். இதை அப்பா என்னிடம் சொன்னதே போன வருடம்தான்.

அப்பா தன் அப்பாவுக்கு இதுவரை திதி கொடுத்ததில்லை. எந்த நாள் என்று தெரியாதது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணத்தை நான் கிளம்பும்போதுதான் சொன்னார். “துப்பாக்கி புடிச்சவரா இருந்தா, பெத்த மகனா எல்லாம் செய்வேன். காட்டிக் குடுத்தவரா இருந்தா ஒரு கை தண்ணிகூட விடமாட்டேன். அவரு பொறந்த மண்ணக்கூட மிதிக்க மாட்டேன். எதுவா இருந்தாலும் சக்கரை தடவாம சொல்லு, கலா.” சரி என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் கையில் இருந்த துப்பு இவ்வளவுதான்: கள்ளக்குறிச்சிப் பக்கம், மலை அடிவாரம், தாத்தாவுக்கு ராமலிங்கம் என்று ஒரு தம்பி.

லாட்ஜ் மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் தெரியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். “மலேயாவுலேருந்து வந்த குடும்பம் எலவனாசூர்கோட்டையில இருக்குதும்மா, டைலர் வூடுன்னு கேளுங்க” என்றார். இட்லியும் வடகறியும் தின்றுவிட்டு அன்றைக்கே கிளம்பினேன். அந்த வடகறிக்காகவே இன்னொரு முறை வரலாம். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொள்ள இப்படி ஒன்று கிடைத்தால் கடைக்காரர் கோடீஸ்வரர் ஆகிவிடுவார்.

டைலருக்கு அறுபது வயது இருக்கும். தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து கும்பிட்டார். அரைமணி நேரம் அவருடைய அப்பா கதையைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவர்கள் வந்தது பர்மாவிலிருந்து. “நான் மலேயாங்க” என்றேன். “பர்மா இன்னா, மலேயா இன்னாம்மா, எல்லாம் கப்பல்ல வந்தவங்கதானே” என்றார். அவர் மனைவி அதற்குள் அத்தோ செய்துவிட்டார். நூடுல்ஸில் முட்டைகோஸும் பூண்டும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தார். பொழுது வீணாய்ப் போயிற்றே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஆனால் வீணாகவில்லை. “மலை அடிவாரம்னா கச்சிராயபாளையம் பக்கமா இருக்கும். என் மச்சினிய அங்கதான் குடுத்திருக்குது, இருங்க” என்று டைலர் போனை எடுத்தார். ஊர் நலம், மழை, மாட்டுக்குச் சீக்கு எல்லாம் விசாரித்த பிறகு என் விஷயத்துக்கு வந்தார். போனை வைத்துவிட்டுச் சிரித்தார். “மலேயாக்காரர் வூடுன்னே ஒரு வூடு இருக்குதாம். பெரியவரு பேரு ராமலிங்கமாம்.” தட்டைக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் காசை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை. “லேடீஸுக்கு ஃப்ரீம்மா.” நான் வெளிநாட்டுக்காரி என்று நியாயமாகச் சொன்னேன். “வெளிநாட்டு லேடீஸும் லேடீஸ்தானேம்மா” என்று சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது. வழி முழுக்க இரண்டு பக்கமும் கரும்பு. தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கச்சிராயபாளையத்தில் இறங்கி, மலேயாக்காரர் வீடு என்றதும் ஒரு பெண் கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். ராமலிங்கம் இப்போது உயிரோடு இல்லை, அவர் மகனும் இல்லை. இருந்தது பேரன் சக்திவேல். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், கரும்பு விவசாயி. நான் யார் என்று சொன்னேன். “வாங்கக்கா, குந்துங்க” என்று நாற்காலியைத் தட்டிப் போட்டார். கலர் சோடா வந்தது, மிக்சர் வந்தது, வாழைப்பழம் வந்தது. அவர் மட்டும் உட்காரவில்லை.

“எங்க பெரிய தாத்தாவுக்கு அப்பவே கருமாதி ஆயிப்போச்சுக்கா” என்றார். மலேயாவிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம், கோவிந்தன் காட்டுச் சண்டையில் செத்துவிட்டார், உடம்பு கிடைக்கவில்லை என்று. என் பாட்டி தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியைக் கெஞ்சி எழுதச் சொன்ன கடிதம் அது. அது எனக்கும் தெரியும். இங்கே அதைப் படித்துவிட்டு ஊரே அழுதிருக்கிறது. உடம்பு இல்லாததால் மாவில் பொம்மை பிடித்து, பாடையில் வைத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்க் கொளுத்தி, பதினாறாம் நாள் கருமாதியும் செய்து முடித்திருக்கிறார்கள்.

“அப்புறம்?”

“அப்புறம் இன்னாக்கா, அவ்ளோதான். நெலமெல்லாம் அப்பவே எங்க தாத்தா பேருக்கு மாறிப்போச்சு. பட்டா, சிட்டா எல்லாம் கிளியரா இருக்குது.”

நான் நிலத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனால் அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து காகிதங்களைப் பரப்ப ஆரம்பித்தார். பழைய பத்திரத்தில் கோவிந்தன் பேரைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. கோவிந்தன் மலேயாவிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய நிலம் அது. வீட்டுக்கு அந்தப் பேர் வந்ததே அதனால்தான். எழுபது வருடம் கழித்து அவருடைய பேத்தி வந்து வாசலில் நிற்கிறாள். சக்திவேல் பட்டாவைத் தேடி எடுக்காமல் என்ன செய்வார்?

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்தேன். ‘நிலத்தில் எனக்கோ என் அப்பாவுக்கோ ஒரு பிடி மண்கூட வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். “ஐயோ, இதெல்லாம் எதுக்குக்கா, சொந்தக்காரங்களுக்குள்ள” என்று பதறினார். பதறிக்கொண்டே அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெயந்தி, “இப்பனாச்சும் சொல்லிடுங்களேன்” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான் சொல்றேன் அண்ணி” என்று அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அவரு செத்துப்போவல. கருமாதி முடிஞ்சி ஏழெட்டு மாசம் கழிச்சி வந்துட்டாரு.”

வெள்ளைக்காரன் அவரை ஜெயிலில் வைத்திருந்து கப்பலேற்றி அனுப்பிவிட்டான். பெட்டியில்லை, படுக்கையில்லை, ஒரு துணிமூட்டையோடு தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் வந்து நின்றிருக்கிறார். கருமாதி நடந்துவிட்ட மனிதன் அப்படியே வீட்டுக்குள் வரக்கூடாது, வந்தால் இன்னொரு சாவு விழும் என்பது இங்கே நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் உண்டு. புதிதாகப் பிறந்த குழந்தைக்குச் செய்வதுபோல் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புண்ணியதானம் செய்து, மறுபடி பேர் வைத்து அழைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் வேலை.

“ஏன் செய்யல?” என்றேன்.

ஜெயந்தி கணவனைப் பார்த்தாள். சக்திவேல் தரையைப் பார்த்தபடி சொன்னார். “பேரு வச்சி உள்ள இட்டுகினா பங்கு குடுக்கணுமேக்கா. எங்க தாத்தா அய்யரு ஊருக்குப் போயிருக்காரு, நாள் சரியில்லன்னு சொல்லிகினே மூணு நாள் கடத்திட்டாரு. அவரு கோயில்லயே குந்திகினு இருந்தாரு. சோறு மட்டும் வாழையிலையில கட்டிக் குடுத்து அனுப்பிச்சாங்க. நாலாம் நாளு எழுந்து மலைக்குப் போயிட்டாரு.”

திட்ட வேண்டும்போல் இருந்தது. யாரைத் திட்டுவது? திட்ட வேண்டிய ஆள் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. என் எதிரில் இருந்தவர் அப்போது பிறக்கவே இல்லை. ஜெயந்தி கோழிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். வீம்புக்குச் சாப்பிடாமல் இருக்கலாமா என்று பார்த்தேன். குழம்பு வாசம் விடவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டேன், அவளும் அழுதுகொண்டே பரிமாறினாள்.

அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. “மலை மேல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கும்க்கா” என்றார் சக்திவேல். கோவிந்தன் வெள்ளிமலையில் ஒரு மலைவாசிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். ஒரு மகள், பேர் லட்சுமி, பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறாராம். “ஒருவாட்டி கள்ளக்குறிச்சி சந்தையில எங்கப்பாவப் பாத்து அண்ணேன்னு கூப்ட்டுச்சாம். எங்கப்பா மூஞ்சத் திருப்பிகினு வந்துட்டாரு.” எனக்கு ஓர் அத்தை இருக்கிறார், அப்பாவுக்கு ஒரு தங்கை இருக்கிறார் என்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

நீங்களும் வாருங்கள் என்றேன். சக்திவேல் வர மறுத்துவிட்டார். ஜெயந்தி மட்டும் பீரோவைத் திறந்து, கட்டாத புதுப் புடவை ஒன்றை எடுத்தாள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்பு பழம் எல்லாம் சேர்த்து ஒரு பையில் போட்டாள். “பொறந்த வூட்டு சீருன்னு சொல்லிக் குடுங்க அண்ணி. வாங்கலன்னா அங்கயே வச்சிட்டு வந்துடுங்க.” புருஷனைக் கேட்டு அவள் அதைச் செய்யவில்லை, அவரும் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மலை பஸ். ஆனி மாதத்துத் தூறல். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மேலேயிருந்து மூட்டை லாரி ஒன்று இறங்கி வந்து எங்கள் பஸ்ஸின் மூக்கை முட்டுகிற மாதிரி நின்றது. இரண்டு டிரைவர்களும் இறங்கி, நீ பின்னால் போ, நீ பின்னால் போ என்று ஆரம்பித்தார்கள். கால்மணி நேரம் பொறுத்தேன். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது எந்த நாட்டிலும் பாலபாடம். இறங்கிப் போய் லாரிக்காரரை வண்டியில் ஏறச் சொல்லி, பின்னால் நின்று கைகாட்டி, ஒடி, ஒடி, நேராக்கு, வா வா என்று அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுக்க வைத்தேன். பஸ் தாண்டியது. உள்ளே ஏறும்போது இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

“யாருடி இது?”

“மலேசியாக்காரங்களாம். டிரைவரு வேலையாம்.”

“அதான் புடவைய அப்படி ஏத்திக் கட்டிகினு இருக்குது.”

வெள்ளிமலையில் இறங்கியபோது நல்ல குளிர். நான் ஸ்வெட்டர் கொண்டுபோகவில்லை. டீக்கடை கண்ணெதிரேயே இருந்தது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. அறுபது தாண்டிய ஒரு பெண் போண்டாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். டீ சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் மறந்துவிட்டது. “நான் மலேசியாவுலேருந்து வரேன். கோவிந்தனோட பேத்தி” என்றேன், அவ்வளவுதான் வந்தது.

அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. போண்டாவை முழுவதும் எடுத்து எண்ணெய் வடிய வைத்து, அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தார். “அண்ணன் பேரு ஆறுமுகம்தானே? உசுரோட இருக்காரா?”

இருக்கிறார் என்றதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சீர்ப் பையைக் கொடுத்து, யார் கொடுத்தது என்றும் சொன்னேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், பிரித்துப் பார்க்கவில்லை. கடைக்கு வந்த இரண்டு பேருக்கு டீ ஆற்றிக் கொடுத்து அனுப்பினார். பிறகு எனக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். சாமை அரிசியை நான் தைப்பிங்கில் சர்க்கரை நோய்க்காரர்கள் வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே அது வாயில் போட்டதும் தானாக இறங்கியது.

நான் கை கழுவியதும் அத்தை கேட்டார். “நீ இன்னா கேட்டுகினு போலாம்னு வந்த? எங்கப்பா நல்லவருன்னு சொல்லணுமா?”

“நடந்தத சொல்லுங்க அத்தை. அவரு எந்தப் பக்கம் நின்னாருன்னு அப்பாவுக்குத் தெரியணும்.”

“ரெண்டு பக்கமும்தான் நின்னாரு” என்றார்.

ரப்பர் பால்வாளிக்கு அடியில் அரிசியை மறைத்துக் காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதில் ஆரம்பித்திருக்கிறது. பிறகு அவரே துப்பாக்கி வாங்கிக்கொண்டு உள்ளே போய் எட்டு மாதம் நின்றிருக்கிறார். மலேரியா காய்ச்சல் வந்தது. பிள்ளையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இறங்கி வந்தவரை லயத்துக்குப் பின்னால் பிடித்துவிட்டார்கள். துப்பாக்கி பிடித்ததற்கு உனக்கு ஜெயில்தான், இடத்தைக் காட்டாவிட்டால் பெண்டாட்டியையும் பிள்ளையையும்கூட முகாமில் போட்டுப் பூட்டுவோம் என்றிருக்கிறான் ஒரு ஆபீசர். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ராணுவத்துக்கு முன்னால் நடந்து போய் இடத்தைக் காட்டினார். கூட இருந்த நாலு பேர் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம்.

“எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு மொத நாளு எங்கப்பா இத என்கிட்ட சொன்னாரு. ஒன் அப்பன் யாருன்னு தெரிஞ்சிகினு போன்னு சொன்னாரு” என்றார் அத்தை.

ஏன் ஒரு கடிதம்கூட எழுதவில்லை என்று கேட்டேன். அது என் அப்பாவின் கேள்வி அல்ல, என் கேள்வி. “செத்தவன் பொண்டாட்டின்னா சோறு போடுவாங்க. காட்டிக் குடுத்தவன் உசுரோட இருக்கான்னு தெரிஞ்சா அவளயும் புள்ளயயும் உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்கன்னு சொல்வாரு. ஒங்க பாட்டிய ஊருல நல்லா வச்சிகினாங்களா?”

தண்ணீர்க் குழாயையும், முதுகில் துப்பிய எச்சிலையும் சொன்னேன். அத்தை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். சக்கரை தடவாமல் என்று சத்தியம் செய்தாயிற்று. கடையில் சிக்னல் இல்லை. தண்ணித் தொட்டிப் பக்கம் போனால்தான் டவர் கிடைக்கும் என்று அத்தை கடையை அப்படியே விட்டுவிட்டு என்னோடு வந்தார். கல்யாணம், காட்சி, கார் விபத்து எல்லாவற்றையும் போனில் சொல்லிப் பழகியவள்தான் நான். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு நிமிடம், ‘துப்பாக்கி பிடித்தவர்தான் அப்பா’ என்று பாதியைச் சொல்லி நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதுவும் பொய் இல்லையே. ஆனால் எழுபது வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது பாதியை அல்ல.

ஸ்பீக்கரில் போட்டு, அவருக்கு ஒரு தங்கை இருப்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி, துப்பாக்கி, காய்ச்சல், முகாம், நடந்துபோய்க் காட்டிய இடம் வரை. சொல்லி முடித்த பிறகு அப்பா, “அப்போ சுப்பையா சொன்னது சரிதான்” என்றார். பிறகு, “சரி. வேல முடிஞ்சிதில்ல, நீ கெளம்பி வா” என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். லாரி கதவைச் சாத்துகிற குரல்.

அத்தை என் கையிலிருந்து போனை வாங்கினார். “அண்ணே, நான் லட்சுமி” என்றார். “அண்ணே, ஆடி அமாவாசைக்கு அப்பா ஓடையில குளிச்சிட்டு கரையில நாலு எல போடுவாரு. நாலுலயும் சாமைச் சோறு வச்சி, நாலு பேரையும் பேரச் சொல்லிக் கூப்புடுவாரு. சாவற வரைக்கும் ஒரு வருசம் வுட்டதில்ல. அவரு போன பொறவு நான் போடறேன். யாருன்னு நான் பாத்தது இல்ல, பேரு மட்டும் மனப்பாடம்.” அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். “மாரியப்பன், வேலு...”

“ஆ கியோங், ஆ செங்” என்று முடித்தார் அப்பா.

தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து கொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தறியாத அண்ணனும் தங்கையும் ஒரே நாலு பேரை வாழ்நாள் முழுக்கச் சுமந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை, அழுதுவிட்டேன்.

“அவருக்கு?” என்றார் அப்பா கடைசியில். “அவருக்கு யாரு எல போடறா?”

“யாரும் போடறதில்லண்ணே. எனக்கு ஒருவாட்டி கருமாதி ஆயிப்போச்சு, இன்னொருவாட்டி வேணாம்னு சொல்லிட்டாரு. பொதைச்சதோட சரி. நான் மனசு கேக்காம, ஒங்களுக்குப் பொறவு அஞ்சாவதா ஒண்ணு போடட்டுமான்னு அவரு இருக்கும்போதே ஒரு வருசம் கேட்டேன். அந்த நாலு பேரு சாப்புடற எடத்துல நான் குந்தக் கூடாதுன்னு சொன்னாரு.”

அப்பா மூச்சு விடுவது போனில் கேட்டது. முட்டி வலிக்கும்போது எழுந்து நிற்கிற மாதிரி ஒரு முனகல்.

“சரியாத்தான் சொல்லியிருக்காரு. அந்த எடத்துல வேணாம்” என்றார். “கொஞ்சம் தள்ளிப் போடலாம். நீ போடாத தங்கச்சி. அமாவாசைக்குள்ள நான் வந்துடறேன். நான் போடறேன்.”

அத்தை போனைச் சட்டென்று என்னிடம் நீட்டினார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. “தள்ளின்னா எவ்ளோ தூரம்னு கேளு” என்றார் என்னிடம்.

கேட்டேன். அப்பா யோசிக்கவே இல்லை.

“அவங்க நாலு பேரும் வாடான்னு கூப்புட்டா, கேக்கற தூரம்” என்றார்.